மூணாம் பக்கத்துல விட்ட எடம்

ஒரே ஒரு வரிக்காக நான் மூணு வாரம் சண்டை போட்டேன். கட்டுரைக்காக இல்ல, வெறும் ஒரு வரி. அது அச்சுல வரணும், அவ்வளவுதான் என் ஆசை. கடைசில வந்தது என்னன்னா, ஒண்ணரை வரி அளவுக்கு வெத்து எடம். அந்த வெத்து எடத்துக்கு என்னைப் பாராட்டவும் செஞ்சாங்க. அந்தக் கடுப்பு இன்னும் அடங்கல, அதான் அடிச்சுத் தள்றேன்.

மொதல்ல ஊரப் பத்தி சொல்லணும். நெய்வேலி டவுன்ஷிப்ல எந்தப் பொம்பளையும் துணி காயப் போடுறதுக்கு முன்னாடி வானத்தப் பாக்க மாட்டாங்க, சிம்னியத்தான் பாப்பாங்க. புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டுதான் எங்கம்மா கொடியில வேட்டிய விரிக்கும். நம்ம பிளாக் பக்கம் சாஞ்சா துணி உள்ள, ஜன்னல் மூடு, வத்தல எடு. சாம்பல் அப்படியே பவுடர் மாதிரி எறங்கும். எழுபதுகள்ல நான் ஸ்கூல் படிக்கறப்ப வூட்டப் படம் வரையச் சொன்னா எங்க கிளாஸ்ல எல்லாரும் ஒரு வூடு, ரெண்டு மரம், பின்னாடி மூணு சிம்னி போடுவோம். புகை போடாம விட்டா டீச்சரே கேப்பாங்க, "ஏன், ஸ்ட்ரைக்கா?"னு.

புகை நின்னா எங்களுக்குப் பயம். பவர் ஸ்டேஷன்ல யூனிட் டிரிப் ஆகி நின்னுடுச்சுன்னு அர்த்தம். பெரியவங்க எல்லாம் தெருவுக்கு வந்து அண்ணாந்து பாப்பாங்க. திரும்ப புகை கெளம்பினதும்தான் காப்பியே குடிப்பாங்க. அதுவும் வெள்ளைப் புகை வரணும். வெள்ளைப் புகை நல்ல புகை, கறுப்புப் புகைதான் கெட்டதுன்னு ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான், பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடிக்கிற வரைக்கும்.

படிப்பு முடிஞ்சதும் பவர் ஸ்டேஷன் லேப்ல ஒரு வருஷம் அப்ரண்டிஸா சேத்துக்கிட்டாங்க. வேலை ரொம்ப சிம்பிள். மைன்ஸ்லேர்ந்து வர்ற பழுப்புக் கரியக் காய வச்சு, பொடியாக்கி, சின்னப் பீங்கான் கிண்ணத்துல போட்டு எடை பாக்கணும். அப்புறம் உலையில வச்சு எரிக்கணும். எரிச்சுட்டு மறுபடி எடை. கிண்ணத்து அடியில விபூதி மாதிரி கொஞ்சூண்டு சாம்பல் ஒட்டிக்கினு இருக்கும். அந்தச் சாம்பல் எவ்வளவுன்னு ரிஜிஸ்டர்ல எழுதணும்.

பத்தாவது மாசம் எனக்குத் தோணிச்சு. கிண்ணம் நெறைய போட்டேன், சிட்டிகை மிச்சம் இருக்கு. மீதி எங்க போச்சு? மேல போச்சு. மேல போனதுக்கு ரிஜிஸ்டர்ல கட்டமே கெடையாது. சாம்பலுக்குக் கட்டம் இருக்கு, ஈரத்துக்கு இருக்கு. போனதப் பத்தி யாரும் கேக்கவே இல்ல.

அந்த சமயத்துலதான் டவுன்ஷிப் லைப்ரரில அந்தப் பத்திரிகை கண்ணுல பட்டுச்சு. வெளிநாட்டு சயின்ஸ் பத்திரிகை, கப்பல்ல வர்றதால நாலஞ்சு மாசம் லேட்டாத்தான் வரும், எவனும் தொட மாட்டான். அதுல போட்டிருந்தான். கரியும் எண்ணெயும் எரிக்கிறதுல வர்ற கார்பன் டை ஆக்சைடு வானத்துல சேந்துக்கினே போகுது, அது சூட்ட வெளிய விடாம பிடிச்சு வைக்குது, பூமி சூடாகுது, கடல் ஏறும், மழை தப்பும்னு. இத ஒருத்தன் ரெண்டு பேர் சொல்லல. பல நாட்டு விஞ்ஞானிங்க கூடிக் கூடிப் பேசியிருக்காங்க. இப்ப அரசாங்கங்களே சேந்து ஒரு குழுவும் போட்டிருக்காங்களாம். உலகத்துல நடந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்து, எது உறுதி, எது சந்தேகம், என்ன செய்யணும்னு அறிக்கை குடுக்கப் போறாங்க. அறிக்கை வர்ற வரைக்கும் கைய கட்டிக்கினு ஒக்காராதீங்க, இப்பவே கொறைக்க ஆரம்பிங்கன்னு பல பேர் சொல்லியிருந்தாங்க.

படிச்சுட்டு வெளிய வந்து சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு சிம்னியப் பாத்தேன். ஜம்முனு போய்க்கினு இருந்துச்சு, வெள்ளையா. என் கிண்ணத்துலேர்ந்து போனது எங்க போச்சுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

மறுநாள் லேப்ல மொதல்ல சொன்னது அக்காகிட்டதான். அக்கா பக்கத்து கிராமம் முத்தாண்டிக்குப்பத்துலேர்ந்து வர்ற கான்ட்ராக்ட் ஆளு. எங்களுக்கு சாம்பிள் மூட்டை தூக்கியாந்து போடும், கூட்டும், கிண்ணம் கழுவும். நான் பத்து வருஷம் கழிச்சு வாங்கப் போற அனுபவத்த அது இப்பவே வச்சிருந்துச்சு. கரியக் கையில எடுத்துப் பாத்தே எந்தப் பக்கம் வெட்டினதுன்னு சொல்லும்.

நான் சொன்னத எல்லாம் கேட்டுட்டு அக்கா சொல்லுச்சு, "சூடு ஆவும்னு வெள்ளைக்காரன் சொன்னாத்தான் தெரியுமா. எங்க ஊர்ல வந்து ஒக்காந்து பாரு."

"இது வேற சூடுக்கா. உலகம் பூரா."

"உலகத்துலதான எங்க ஊரும் கீது." கிண்ணத்தக் கழுவிக்கினே சொல்லுச்சு. "எழுதப் போறியா இத?"

"சுற்றுச்சூழல் தினத்துக்கு டவுன்ஷிப் மன்றத்துல மலர்னு புஸ்தகம் போடுறாங்கல்ல, அதுல எழுதப் போறேன்."

"அப்ப இதையும் எழுது. கரி தோண்டுறதுக்காக தண்ணியப் பகல்னு பாக்காம ராவுன்னு பாக்காம எறைச்சிகினு கெடக்கறாங்க. எங்க ஊர்க் கெணத்துல வாளி தரையில போயி டங்குனு முட்டுது. கயிறு வாங்கி மாளல."

"அது வேற சப்ஜெக்ட்கா," ன்னேன்.

"ஓ," ன்னுச்சு. அடுத்த கிண்ணத்த எடுத்துச்சு.

அந்த "ஓ" அன்னிக்கு என் காதுலயே விழல. எழுதற வெறியில இருந்தேன்.

மூணு பக்கம் எழுதினேன். கட்டுரையோட உயிரே ஒரு வரியிலதான். "இந்தச் சூட்டுக்குக் காரணம் கரி எரிக்கும் எல்லாரும்தான், அதில் நெய்வேலியில் இருக்கும் நாமும் சேர்த்தி." மத்ததெல்லாம் அந்த வரிக்கு மெத்தை போட்ட மாதிரி. அந்த வரி இல்லன்னா எங்கயோ வெளிநாட்டுல எவனோ கரி எரிக்கறான், எங்கயோ கடல் ஏறுதுன்னு கதை கேட்ட மாதிரி இருக்கும். நான் சொல்ல வந்தது, ஏய், நம்ம சிம்னிதான்யா அது, அண்ணாந்து பாருங்கன்னு.

அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அப்பாவுக்கு மைன்ஸ்ல வேலை, கரி வர்ற கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து கல்யாணத்துக்கு முன்னாடியே வந்தவரு. இருபத்தஞ்சு வருஷம் இங்க இருந்தும் பேச்சு மட்டும் மாறல.

"நல்லாத்தான் எழுதிருக்க," ன்னாரு. "ஆனா கடைசி வரிய விட மாட்டானுவட்டி."

"உண்மைதானப்பா?"

"உண்மையா இல்லையான்னா கேட்டேன்? விட மாட்டானுவன்னு சொல்லுதேன். ஒனக்கு அடுத்த மாசம் அப்ரண்டிஸ் முடியுது. எக்ஸ்டென்ஷன் பேப்பர்ல கையெழுத்து போடுத ஆளும் அந்த மன்றத் தலைவரும் ஒரே ஆளு. தெரியும்லா?"

தெரியும். நல்லாவே தெரியும். எங்க செட்டுல அஞ்சு பேரு, ரெண்டு பேருக்குத்தான் எக்ஸ்டென்ஷன்னு பேச்சு. ஒரு பக்கம் அந்த வரி, இன்னொரு பக்கம் என் வேலை. பொண்ணு படிச்சது போதும், மாப்பிள்ளை பாருங்கன்னு அம்மா வேற பின்னாடி நின்னுக்கினு இருந்துச்சு. வேலை போச்சுன்னா அடுத்தது அதான்.

அடுத்த வாரம் மன்றத்துல கமிட்டி கூடுச்சு. தலைவர் பெரிய ஆபீசர், மரியாதையாத்தான் பேசுவாரு. செயலாளர் எங்க அப்பா வயசு ஹெட் கிளார்க். கூட ரெண்டு மெம்பருங்க, அவங்க வந்தது போண்டாவுக்கு. என் கட்டுரைய வரி வரியா படிக்கணும், ஒவ்வொரு வரிக்கும் நாலு பேரும் சரின்னு சொல்லணும். அதான் முறையாம்.

மொத வரி, "உலக விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள்."

"எச்சரிக்கிறார்கள்னா பயமா இருக்கே," ன்னாரு ஒரு மெம்பரு. "கருதுகிறார்கள்னு போட்டுக்கலாமே."

"எல்லாருமா கருதறாங்க?" செயலாளர் கேட்டாரு.

"பெரும்பாலும் எல்லாரும் சார்," ன்னேன்.

"அப்ப எல்லாரும் இல்ல. 'விஞ்ஞானிகள் சிலர் கருதுகிறார்கள்.' சரியா இருக்கா?" பேனாவால கோடு போட்டுட்டாரு.

கடல் உயரும்னு எழுதியிருந்தேன். அது "உயரக்கூடும்" ஆச்சு. அப்புறம் கடலூர்ல நெறைய பேருக்கு சொந்தக்காரங்க இருக்காங்க, பதறிடுவாங்கன்னு அந்த வரியே போச்சு. மழை தப்பும்ங்கறது "பருவநிலையில் சில மாறுதல்கள்" ஆச்சு. நான் ஒவ்வொண்ணுக்கும் வாயத் தொறந்தேன், ஒவ்வொண்ணுக்கும் மூடினேன். என் வரி பொழைச்சா போதும்னு கணக்கு போட்டு மத்ததெல்லாம் விட்டுக் குடுத்தேன். பெரிய புத்திசாலின்னு நெனப்பு.

என் வரி வந்துச்சு. செயலாளர் சத்தமா படிச்சாரு. போண்டா சாப்பிடறவரு மெல்றத நிறுத்திட்டாரு.

தலைவர் சிரிச்சுக்கினேதான் கேட்டாரு, "ஏம்மா, நம்ம புகை வெள்ளைதானே? சாம்பலப் பிடிக்க இவ்வளவு பெரிய மெஷின் வச்சிருக்கோம். முன்ன மாதிரியா எறங்குது?"

"சாம்பல் இல்ல சார். கார்பன் டை ஆக்சைடு. அது கண்ணுக்குத் தெரியாது. மெஷின்லயும் நிக்காது."

"கண்ணுக்கே தெரியாததுக்கு நாம எப்படிம்மா பொறுப்பு?" ன்னாரு போண்டா. எல்லாரும் சிரிச்சாங்க.

நான் லேப் கிண்ணத்தப் பத்தி சொன்னேன். நெறைய போட்டா கொஞ்சம் மிஞ்சுது, மீதி மேலதான போகுது, கரி எங்கயும் ஓடிப் போயிடல சார்னு. தலைவர் சிரிக்காம கேட்டாரு, அத நான் ஒத்துக்கணும். கேட்டுட்டு சொன்னாரு, "நீ சொல்ற சயின்ஸ் தப்புன்னு நான் சொல்லல. ஆனா யாரு எவ்வளவு நாளா எரிச்சாங்க? அவங்க ரெண்டு தலைமுறை எரிச்சு ரோடு போட்டு, கார் வாங்கி, ஊரெல்லாம் லைட் போட்டுட்டு இப்ப ஏணிய இழுத்துக்கறாங்க. நம்ம கிராமத்துல பாதி வூட்டுல இன்னும் சிம்னி வெளக்குதான். நாம நிறுத்தணுமா?"

"நிறுத்தணும்னு எழுதல சார். நாமும் சேர்த்தின்னுதான் எழுதியிருக்கேன்."

"அந்தக் குழுவோட அறிக்கை வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"வரட்டும். வந்தப்புறம் எழுதிக்கலாம். இப்ப என்ன அவசரம்?"

அந்த ஏணிக் கேள்விய நான் இன்னும் யோசிச்சுக்கினுதான் இருக்கேன். ஆனா அவரு கேட்ட நியாயமான கேள்வியும், செயலாளர் போட்ட கோடும் ஒரே எடத்துலதான் போய் முடிஞ்சுது. வரிய அடிச்சுட்டு, "இந்தச் சூட்டுக்குக் காரணம் என்ன என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்"னு மாத்திட்டாங்க. கெளம்பறப்ப தலைவர் சாதாரணமா கேட்டாரு, "உன்னோட எக்ஸ்டென்ஷன் ஃபைல் என் டேபிளுக்கு வந்துருச்சா?" மெரட்டினாரா, அக்கறையா கேட்டாரான்னு இன்னும் தெரியல.

உலகத்து அரசாங்கமெல்லாம் சேந்து போட்டிருக்கற அந்தக் குழுவும் இப்படித்தான் ஒக்காந்து வரி வரியா படிக்குமோன்னு வர்ற வழியில நெனச்சேன். அங்க போண்டாவுக்கு பதிலா வேற ஏதாவது இருக்கும்.

இப்ப வேடிக்கை என்னன்னா, புஸ்தகத்துக்கு ஸ்டென்சில் அடிக்கற ஆள் நான்தான். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ மன்றத்துல நான் ஒருத்திதான். மெழுகு பூசின தாள்ல ரிப்பன் இல்லாம அடிக்கணும், எழுத்து வெட்டிக்கினு போகும். அத சைக்ளோஸ்டைல் மெஷின்ல மாட்டி உருட்டினா நூத்துக்கணக்குல காப்பி வரும். தப்பா அடிச்சா செவப்பு ஃப்ளூயிட் தடவி, காஞ்சதும் மேல மறுபடி அடிக்கலாம்.

நான் மூணாம் பக்கத்துல பழைய வரியத்தான் அடிச்சேன். தெரிஞ்சே அடிச்சேன். டக டகன்னு வெரலு போச்சு, அவ்வளவு சந்தோஷமா நான் எதையும் அடிச்சதில்ல.

செயலாளர் கண்ணாடியத் தூக்கி வச்சுக்கினு ஸ்டென்சில வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. மனுஷன் முப்பது வருஷமா ஃபைல் பாக்கறவரு, அவர் கண்ணுலேர்ந்து தப்புமா?

"இது என்ன?"

"கை பழக்கத்துல வந்துருச்சு சார்."

"கை பழக்கத்துல ஏழெட்டு வார்த்தை வருமா?" திட்டல. பாட்டிலத் தொறந்து அவரே பிரஷ்ஷால தடவினாரு. "இந்தச் சூட்டுக்குக் காரணம்" வரைக்கும் ரெண்டு வாசகத்துலயும் ஒண்ணுதான, அத விட்டுட்டாரு. அதுக்கப்புறம் ஒண்ணரை வரி மூடிட்டாரு. ரூம் முழுக்க நெயில் பாலிஷ் வாசனை. "காஞ்சதும் மேல சரியான வரிய அடிச்சு வச்சுட்டுப் போ. காலைல மெஷினுக்குப் போகணும்."

அவரு பஸ்ஸுக்குப் போயிட்டாரு. நான் ஒக்காந்து ஊதினேன். ரெண்டு நிமிஷத்துல காஞ்சிருச்சு. ஜூன் மாச வெயிலு, காயாம என்ன. கைய வச்சுப் பாத்தேன், ஒட்டல.

இந்த எடத்துல நான் உண்மைய சொல்லிடறேன். என் வரிய அது மேலயே திரும்ப அடிச்சிருக்கலாம். யாரும் இல்ல. காலைல நேரா மெஷினுக்குத்தான் போகும். டைப்ரைட்டர் கீ மேல வெரல் வச்சேன். ஃபைல் டேபிளுக்கு வந்துருச்சான்னு கேட்ட குரல் காதுல கேட்டுச்சு. அவங்க வரியையும் அடிக்க மனசு வரல, என் வரிய அடிக்கவும் தைரியம் வரல. எடத்த அப்படியே விட்டுட்டு, டைப்ரைட்டருக்கு உறை போட்டுட்டு கெளம்பிட்டேன். கேட்டா காயலன்னு சொல்லிக்கலாம். வூட்டுக்கு சைக்கிள் மிதிச்சப்ப பெரிய புரட்சி பண்ணிட்ட மாதிரி ஒரு திமிரு வேற. வெத்து எடத்தப் பாத்து ஜனங்க கேப்பாங்க, இங்க என்ன இருந்துச்சுன்னு. அப்ப சொல்லலாம்னு.

விழா அன்னிக்கு மன்றத்து மைதானத்துல ஷாமியானா. ஆளுக்கு ஒரு புஸ்தகம், ஆளுக்கு ஒரு மரக்கன்னு. அதுவும் பண்ருட்டிப் பலாக்கன்னு. பலான்னு சொன்னதும் நைட் ஷிஃப்ட் முடிஞ்சவங்க யூனிஃபார்மோட வந்துட்டாங்க. கூட்டம் முண்டியடிக்கவும் செயலாளர் மைக்கப் பிடிச்சு அறிவிச்சாரு, "புத்தகத்தில் பெயர், டோக்கன் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர் எழுதிக் காட்டி கன்று பெற்றுக்கொள்ளவும்."

எங்க ஊர்ல எது வாங்கணும்னாலும் பேரு, கம்பெனி குடுத்த டோக்கன் நம்பரு, வூட்டு நம்பரு, இந்த மூணும் எழுதணும். சினிமா பாஸு, ஃபேன் ரிப்பேரு, குழாய் வாஷரு, எல்லாத்துக்கும். டவுன்ஷிப் ஆளுகிட்ட பேர மட்டும் கேட்டா அவனுக்கு ஏதோ கொறையா இருக்கும், டோக்கன் நம்பரையும் பிளாக்கையும் சேத்தே சொல்லுவான். காலி எடம் பாத்தா கை தானா பேனாவத் தேடும்.

க்யூல மொதல்ல நின்னவரு எழுத எடம் தேடினாரு. அட்டையில மரம் படம். பின்பக்கம் விளையாட்டுப் போட்டி ரிசல்ட்டு. புரட்டுனாரு. மூணாம் பக்கத்துல ஒண்ணரை வரி, அளவெடுத்து விட்ட மாதிரி. பேரு, டோக்கன், குவார்ட்டர்ஸ், மூணும் கனகச்சிதமா பொருந்துச்சு.

"எங்க எழுதணும்?" பின்னால நின்னவரு.

"மூணாம் பக்கம். எடம் விட்டிருக்கான் பாரு."

அவ்வளவுதான். மூணாம் பக்கம், மூணாம் பக்கம்னு க்யூ முழுக்கப் போயிடுச்சு. ஒரே பேனா கை மாறி மாறிப் போகுது. முதுகுல வச்சு எழுதறாங்க, சைக்கிள் சீட்டுல வச்சு எழுதறாங்க. "இந்தச் சூட்டுக்குக் காரணம்"னு என் கையால அடிச்ச எழுத்துக்குப் பக்கத்துல ஊரே கையெழுத்து போடுது. நான் ஷாமியானா கம்பத்தப் பிடிச்சுக்கினு நின்னேன்.

படிச்சுப் பாத்தவரு ஒருத்தரு ரெண்டு பேருதான். பாய்லர் செக்ஷன்ல ஒரு அண்ணன் சத்தமா படிச்சுட்டு, "சூட்டுக்குக் காரணம் நானாம்பா. எங்க வூட்ல அதுக்கு வேற ஆளு இருக்கு, அவ பேர எழுதட்டா?"னாரு.

"அவங்க டோக்கன் நம்பரு வேணும்ணே," ன்னான் பக்கத்துல ஒருத்தன்.

"அதான வேணும், எந்நேரமும் ட்யூட்டியிலதான இருக்கா."

சிரிப்பு. அவரும் தன் பேரத்தான் எழுதினாரு. கன்னு வாங்கினாரு, போனாரு. நான் போய் அவர நிறுத்தி, அண்ணே, அங்க என்ன இருந்துச்சு தெரியுமான்னு கேட்டிருக்கணும். கன்னத் தூக்கிக்கினு போறவர்கிட்ட என்னன்னு சொல்றது.

அக்காவும் க்யூல நின்னுச்சு. டேபிள் கிட்ட போனதும் செயலாளர் புஸ்தகத்த வாங்கிப் பாத்தாரு. "டோக்கன் நம்பர் எங்கம்மா?"

"எனுக்கு டோக்கன் ஏதுங்க. கேட் பாஸுதான்."

"குவார்ட்டர்ஸ்?"

"முத்தாண்டிக்குப்பங்க."

"எம்ப்ளாயிக்கு மட்டும்தாம்மா. அடுத்த ஆளு வாங்க."

அக்கா புஸ்தகத்த மடிச்சு இடுப்புல சொருகிக்கினு நகந்துச்சு. கூச்சலும் போடல, மொகமும் மாறல. பழகினது போல இருக்கு. எனக்குத்தான் சுர்ருனு ஏறிச்சு. ஊர்ல அக்கா வூட்டுல ஒரே ஒரு பல்பு. ஹீட்டர் இல்ல, ஃபேன் இல்ல. அந்த வரியில உண்மையிலேயே பேர் வரக் கூடாத ஆளு ஒண்ணே ஒண்ணு. அதுக்குத்தான் கன்னும் கெடையாது.

நான் என் புஸ்தகத்த எடுத்தேன். பேரு, அப்ரண்டிஸ் நம்பரு, அப்பாவோட குவார்ட்டர்ஸ் நம்பரு. நான் மட்டும்தான் அந்தக் கூட்டத்துலயே என்ன எழுதறோம்னு தெரிஞ்சு எழுதினேன். க்யூல நின்னு கன்ன வாங்கியாந்து அக்கா கையில குடுத்தேன்.

"உனுக்கு?"

"எங்க வூட்டுல அப்பா வாங்குவாரு. எடுத்துட்டுப் போக்கா."

அக்கா கன்னு இருந்த பை மண்ணத் தொட்டுப் பாத்துச்சு. காஞ்சு போயிருந்துச்சு. "குடுக்கறத குடுத்துட்ட. தெனம் ரெண்டு கொடம் கேக்குமே இது. தண்ணிக்கு இன்னா பண்றது?"

அப்பத்தான் அந்த "ஓ" எனக்குக் கேட்டுச்சு. லேப்ல அது சொன்ன வரிய நான் ஒரே வார்த்தையில அடிச்சு விட்டேனே, அந்த "ஓ". கமிட்டிக்காரங்க எனக்கு பண்ணுனத நான் அக்காவுக்கு மொதல்லயே பண்ணியிருந்தேன். எனக்கு ஃப்ளூயிட் கூட தேவப்படல.

வூட்டுக்கு வந்தா அப்பா வராண்டாவுல கன்ன வச்சுட்டு புஸ்தகத்தப் படிச்சுக்கினு இருந்தாரு. மூணாம் பக்கம். முத்து முத்தா எழுதியிருந்தாரு, பேருக்கு அடியில கோடு வேற.

"இந்த எடத்துலதான் ஒன் வரி இருந்துச்சோ?"

"ஆமாப்பா."

"எத்தன வருஷமா அந்தப் பெல்ட்ட ஓட்டுதேன்," ன்னாரு. "நான் அனுப்புன கரிய அடுக்குனா எவ்ளோ வரும்னு ஒரு நாளும் நெனச்சதில்ல." அப்புறம், "சரியான எடத்துலதாம்ட்டி எழுதிருக்கேன்."

சண்டை போடுவாருன்னு நெனச்சேன். போட்டிருந்தாக் கூட பரவால்ல. எந்திரிச்சு உள்ள போயி, காலைலேர்ந்து எரிஞ்சுக்கினே இருந்த சமையல் ஹீட்டர அணைச்சாரு. எங்க வூட்ல ஹீட்டர அணைக்கறதே கெடையாது, கரண்ட்டு நம்மளுதானன்னு. அம்மா அடுத்த அஞ்சாவது நிமிஷம் பாலுக்காக மறுபடி போட்டுச்சு. யாரு அணைச்சதுன்னு ஒரு கத்தல். அப்பாவுக்கு மத்தியானம் பி ஷிஃப்ட், டிபன் பாக்ஸ எடுத்துக்கினு பெல்ட் ஓட்டக் கெளம்பிட்டாரு.

ரெண்டு நாள் கழிச்சு தலைவர் கூப்பிட்டு அனுப்பினாரு. முடிஞ்சுதுடின்னு போனேன். டேபிள் மேல புஸ்தகம், மூணாம் பக்கம் விரிச்சு வச்சிருந்துச்சு. அவரு காப்பி. அதுல அந்த எடம் காலியா இருந்துச்சு. ஆபீசருங்க க்யூல நிக்கறதில்ல, அவங்க பங்களாவுக்குக் கன்னு ஜீப்புல போயிடுச்சு.

"செயலாளர் காயலன்னு ஏதோ சொன்னாரு. ஆனா நல்ல ஐடியாம்மா," ன்னாரு. "கூப்பன் தனியா அடிக்காம புஸ்தகத்துலயே எடம் விட்டது. ஜனங்களுக்கு வசதியா இருந்துச்சு."

"சார், அது..."

"எக்ஸ்டென்ஷன் ஆறு மாசம் போட்டிருக்கேன். நல்லா வேலை செய்."

சார், அது ஐடியா இல்ல, அங்க ஒரு வரி இருந்துச்சு, நீங்க எடுத்த வரி, ஊர்ல அத்தன பேரும் அதுக்குக் கையெழுத்து போட்டிருக்காங்க, உங்க காப்பி மட்டும்தான் காலி. இதெல்லாம் சொல்லிடணும்னு நெனச்சேன். "தேங்க் யூ சார்," ன்னுட்டு வெளிய வந்தேன்.

அந்த ஆறு மாசம் இப்ப முடியுது. ஃபைல் திரும்ப அவரு டேபிளுக்குப் போயிருக்கு. நேத்து செயலாளர் வந்து சொன்னாரு, வர்ற ஜூன் மலருக்கு இப்பவே கட்டுரை குடுக்கணுமாம். "மறக்காம அந்த எடத்த விட்ரும்மா, ஐயா சொல்லியிருக்காரு." உலக விஞ்ஞானிங்க அறிக்கை இன்னும் வரல. சீக்கிரம் வரும்ங்கறாங்க. அக்காவோட பலாக்கன்னு ஒரு மாசம் தாங்குச்சாம்.

புது ஸ்டென்சில் மாட்டியாச்சு. இந்தத் தடவ மொத வரியே அதான். "இந்தச் சூட்டுக்குக் காரணம் கரி எரிக்கும் எல்லாரும்தான், அதில் நெய்வேலியில் இருக்கும் நாமும் சேர்த்தி." ரெண்டாவது வரி, "முத்தாண்டிக்குப்பம் கிணற்றில் வாளி தரையில் முட்டுகிறது." காலி எடம் எங்கயும் விடல. நுனியிலேர்ந்து நுனி வரைக்கும் அடிச்சிருக்கேன். செவப்பு ஃப்ளூயிட் பாட்டில் செயலாளர் டேபிள்ல இருக்கு. போன வாரம்தான் புதுசா வாங்கினாங்க, முழுசா இருக்கு.